கவுண்டமணியிலிருந்து யோகி பாபு வரை: காமெடி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் டிவி ரிமோட் என் கைக்கு வந்தால் அது ஆதித்யாவிலோ சிரிப்பொலியிலோதான் போய் நிற்கும். இது சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்துபோனதால் கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர்கூட என்னிடம் காமெடி பற்றித்தான் கேட்கிறார். கேள்விகளும் பெரும்பாலும் அதே கேள்விகள்தான். ஒரு தடவை உட்கார்ந்து எழுதி வைத்துவிட்டால் அடுத்த பந்தியில் ரசம் ஆறுவதற்குள் சாப்பிட்டு எழுந்துவிடலாம் என்று தோன்றியது.

கணக்கை எங்கிருந்து ஆரம்பிக்கிறீர்கள்? கலைவாணர், சந்திரபாபு, நாகேஷ் எல்லாம் கிடையாதா?

அவர்களுக்குத் தனியாக ஒரு புத்தகமே எழுத வேண்டும். கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன், தங்கவேலு, சந்திரபாபு, நாகேஷ், சுருளிராஜன், தேங்காய் சீனிவாசன் என்று அந்த வரிசை நீளம். இங்கே நான் பேசுவது 1980களுக்குப் பிறகு வந்தவர்களைப் பற்றி.

ஆனாலும் ஒரு பழைய காட்சியைச் சொல்லாமல் நகர முடியாது. 1964இல் வந்த ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’. படம் எடுக்கிறேன் என்று அலையும் மகன் நாகேஷ், அப்பா பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்கிறார். யோசித்துப் பார்த்தால் அதில் கதையே கிடையாது. இருட்டு, காற்று, சத்தம், அவ்வளவுதான். எல்லாவற்றையும் நாகேஷ் வாயாலும் கையாலும் காட்டுகிறார். அடுத்த தடவை பார்க்கும்போது நாகேஷை விட்டுவிட்டுப் பாலையாவின் முகத்தை மட்டும் பாருங்கள். முதலில் அலட்சியம், அப்புறம் லேசான ஆர்வம், அப்புறம் நாற்காலியிலேயே சுருங்கிப்போகிற அளவுக்குப் பயம். நாம் விழுந்து விழுந்து சிரிப்பது அந்த முகத்தைப் பார்த்துத்தான். காமெடியில் பேசுகிறவருக்குப் பாதிப் பங்குதான், மீதி எதிரில் நிற்பவருடையது என்று எனக்குப் புரிந்தது அந்தக் காட்சியில். கீழே எந்தக் கேள்விக்கும் நான் சுற்றிச் சுற்றி இங்கேதான் வந்து நிற்பேன்.

கவுண்டமணி, செந்தில்: உண்மையில் யார் பெரிய ஆள்?

பந்தியில் சண்டை மூட்டிவிடும் கேள்வி இது. கவுண்டமணி உடுமலைப்பேட்டைப் பக்கம், செந்தில் முதுகுளத்தூர்ப் பக்கம். 1977இல் பாரதிராஜாவின் ‘16 வயதினிலே’ படத்தில் பரட்டையின் பக்கத்தில் நின்று “பத்த வச்சிட்டியே பரட்டை” என்று சொன்னதிலிருந்தே கவுண்டமணியின் குரல் தனியாகத் தெரிந்தது. குரல், வேகம், எவனாக இருந்தாலும் எனக்கென்ன என்கிற திமிர், மூன்றும் சேர்ந்த ஆள் அவர். எதிரில் நிற்பது ஹீரோவா, பண்ணையாரா என்றெல்லாம் பார்க்க மாட்டார்.

இருந்தாலும் என் ஓட்டு செந்திலுக்கு. 1989இல் கங்கை அமரன் இயக்கிய ‘கரகாட்டக்காரன்’ வாழைப்பழக் காட்சியையே எடுத்துக்கொள்வோம். இரண்டு பழம் வாங்கி வரச் சொல்லி ஒரு ரூபாய் கொடுக்கிறார் கவுண்டமணி. வாங்கினதில் ஒன்றைத் தின்றுவிட்டு இன்னொன்றோடு வந்து நிற்கிறார் செந்தில். கணக்கு வாத்தியார் மாதிரி படிப்படியாகக் கேட்கிறார் கவுண்டமணி: எவ்வளவு கொடுத்தேன், எத்தனை பழம் வாங்கினாய், ஒன்று இங்கே இருக்கிறது, இன்னொன்று எங்கே? “அதுதாண்ணே இது.”

இந்த ஏழு எழுத்துப் பதிலை செந்தில் எப்படிச் சொல்கிறார் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. கண்ணில் குறும்பு கிடையாது, ஏமாற்றுகிறவன் முகமும் கிடையாது. உண்மையைச் சொன்னால் ஏன் இவர் நம்ப மாட்டேன் என்கிறார் என்று நிஜமாகவே வருத்தப்படுகிற முகம். அவர் லேசாகச் சிரித்திருந்தால்கூட காட்சி அங்கேயே செத்துப் போயிருக்கும். கேள்வி திரும்பத் திரும்ப வரும்போதும் அதே பதில், அதே பணிவு. பைத்தியம் பிடிப்பது கேட்கிறவருக்குத்தான்.

1984இல் வந்த ‘வைதேகி காத்திருந்தாள்’ படத்திலும் இதே வித்தைதான். ‘ஆல் இன் ஆல் அழகுராஜா’வின் கடையில் பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டிலைப் பார்த்து, இதில் எப்படிண்ணே வெளிச்சம் வரும் என்று கேட்டுக்கொண்டே அதை அமுக்கிப் பொடியாக்கிவிடுகிறார் செந்தில். கவுண்டமணியின் கோபத்துக்கு எண்ணெய் ஊற்றுவது எப்போதுமே அந்த அப்பாவித்தனம்தான்.

இந்தக் காட்சிகள் எவ்வளவு ஆழமாக ஊறியிருக்கின்றன என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. ‘ஆல் இன் ஆல் அழகு ராஜா’ (2013), ‘பெட்ரோமாக்ஸ்’ (2019), ‘சொப்பன சுந்தரி’ (2023), மூன்றும் பிற்காலத்துப் படங்களின் தலைப்புகள். மூன்றையும் கேட்டவுடன் நமக்கு ஞாபகம் வருவது கவுண்டமணிதான். சொப்பன சுந்தரி திரையில் வந்ததுகூட இல்லை. கரகாட்டக்காரன் காரை முன்னால் வைத்திருந்தவர் என்று வாய்வார்த்தையில் வந்த பெயர், அவ்வளவுதான்.

திட்டு, உதை, உருவக் கேலி. இதையெல்லாம் இன்றைக்கும் ரசிக்க முடிகிறதா?

எல்லாவற்றையும் முடியவில்லை. நிறத்தையும் தலையையும் பல்லையும் வைத்து அடித்த கிண்டல்கள் அன்றைக்குத் தியேட்டரே அதிரச் சிரித்தவை. இன்றைக்குப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கும்போது கை தானாக ரிமோட்டைத் தேடுகிறது. கவுண்டமணியின் வசவுகளில் பாதி இந்த ரகம். பெண்டாட்டி கையில் அடி வாங்கும் புருஷன், பெண் வேடத்தில் வரும் ஆண் என்று தேய்ந்துபோன ரகங்களும் உண்டு. திருநங்கைகளைக் கேலிப்பொருளாக்கிய காட்சிகள் 2000களில் வந்த படங்கள் வரைக்கும் கிடக்கின்றன. அவற்றுக்கு வக்காலத்து வாங்க என்னால் ஆகாது.

ஆனால் எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டிப் போடுவதும் சரியில்லை. வாழைப்பழக் காட்சியில் யாருடைய உருவமும் முக்கியமில்லை. 1992இல் வந்த ‘சூரியன்’ படத்தில் அரசியல்வாதி வேடத்தில் கவுண்டமணி சொன்ன “அரசியல்ல இதெல்லாம் சாதாரணமப்பா” இன்றைக்கும் டீக்கடை பெஞ்சில் வாரம் ஒரு தடவையாவது தேவைப்படுகிறது. அதைச் சொல்ல எவனுடைய மூக்கையும் கேலி செய்ய வேண்டியதில்லை.

இந்த வசனங்களை நடிகர்களே அங்கேயே யோசித்துச் சொன்னார்களா?

கொஞ்சம் அப்படியும் இருக்கும். ஆனால் பின்னால் எழுத்து இருந்தது. அந்தக் காலத்தில் ‘காமெடி டிராக்’ என்று தனியாகவே ஒன்று உண்டு. ஹீரோ கதை ஒரு பக்கம் போகும்; காமெடிக்கு வேறு எழுத்தாளர். கவுண்டமணி–செந்தில் ஜோடிக்கு எழுதியவர்களில் முக்கியமானவர் ஏ.வீரப்பன். அவரே பழைய காமெடி நடிகர். அவர் பெயர் தெரிந்தவர்கள் குறைவு. அவர் எழுதிய வரி தெரியாதவர்கள் அதைவிடக் குறைவு.

கிரேசி மோகன் வேறு கட்சி. கிண்டி பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் படித்தவர், நாடக மேடையிலிருந்து வந்தவர். அவர் நாடகங்களில் கதாநாயகி பெயர் எப்போதுமே ஜானகி. கமலுக்கு அவர் எழுதிய ‘மைக்கேல் மதன காமராஜன்’ (1990), ‘சதிலீலாவதி’ (1995), ‘அவ்வை சண்முகி’ (1996), ‘பஞ்சதந்திரம்’ (2002), ‘வசூல்ராஜா எம்.பி.பி.எஸ்.’ (2004) எல்லாவற்றிலும் ஒரு சொல்லை ஒருவர் ஒரு அர்த்தத்தில் சொல்வார், எதிரில் இருப்பவர் இன்னொரு அர்த்தத்தில் பிடித்துக்கொண்டு ஓடுவார். முதல் தடவை பார்க்கும்போது ஒரு ஜோக்குக்குச் சிரித்து முடிப்பதற்குள் இரண்டு ஜோக்குகள் தாண்டிப் போயிருக்கும். என் சித்தப்பா ‘மைக்கேல் மதன காமராஜன்’ பார்க்கும்போது யாராவது சிரித்தால் “உஷ்” என்பார், அடுத்த வரி கேட்காதாம். சாம்பாரில் மீன் விழுந்த கல்யாண வீட்டைப் பார்த்துச் சிரிக்காமல் உட்கார வேண்டுமென்றால் அது தண்டனை அல்லவா. டெல்லி கணேஷ் மாதிரி ஆட்கள் அந்த வரிகளைத் தூக்கிப் பிடித்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கிரேசி மோகன் 2019 ஜூனில் போனார், டெல்லி கணேஷ் 2024 நவம்பரில்.

வடிவேலுவா, விவேக்கா?

இரண்டு பேரும் சேர்ந்தே நடித்திருக்கிறார்கள், ‘மிடில் கிளாஸ் மாதவன்’, ‘மனதைத் திருடிவிட்டாய்’ மாதிரி. ஆனால் வேலை செய்யும் விதம் எதிரெதிர்.

விவேக் கோவில்பட்டிக்காரர். தலைமைச் செயலகத்தில் வேலை பார்த்துக்கொண்டு, ஹ்யூமர் கிளப் மேடையில் பேசிக்கொண்டிருந்தவரை கே.பாலசந்தர் 1987இல் ‘மனதில் உறுதி வேண்டும்’ படத்துக்கு இழுத்தார். அவர் பேசுகிற ஜாதி. எதிரில் நிற்பது ஒரு ஆள்போலத் தெரிந்தாலும் அவர் உண்மையில் பேசுவது மூடநம்பிக்கையோடு, லஞ்சத்தோடு, ஜாதித் திமிரோடு. வண்டிக்குள்ளே இத்தனை பாகங்கள் இருக்க, அதில் ஓடாத வண்டி முன்னால் கட்டின எலுமிச்சம்பழத்திலா ஓடப்போகிறது என்று அவர் கேட்டது லாரி ஓட்டுகிறவர்களையே சிரிக்க வைத்தது. எலுமிச்சம்பழம் கட்டுவதை யாரும் நிறுத்திவிடவில்லை, அது வேறு விஷயம். ‘சின்னக் கலைவாணர்’ பட்டம் அவருக்குப் பொருந்தியது. 2009இல் பத்மஸ்ரீ வாங்கினார். அப்துல் கலாம் சொன்ன வார்த்தைக்காக மரம் நட ஆரம்பித்து, 2021 ஏப்ரல் 17இல் இறக்கும்போது கணக்கு 33 லட்சத்தைத் தாண்டியிருந்தது. அன்றைக்குத் தெருத்தெருவாக ஜனங்கள் கன்று நட்டார்கள்.

வடிவேலு வாங்குகிற ஜாதி. மதுரைக்காரர், ராஜ்கிரண் மூலமாக 1991இல் ‘என் ராசாவின் மனசிலே’ படத்தில் தலைகாட்டினார். கவுண்டமணிக்கு ஒரு செந்தில் தேவைப்பட்டார் இல்லையா, வடிவேலு அந்த இரண்டு பேரையும் ஒரே உடம்புக்குள் வைத்துக்கொண்டார். முதல் நிமிஷம் அவர் கவுண்டமணி: தோளைத் தூக்கிக்கொண்டு, மீசையை நீவிக்கொண்டு, ஊரையே மிரட்டுவார். அடுத்த நிமிஷம் அவரே செந்தில்: சட்டை கிழிந்து, மூக்கில் ரத்தத்தோடு, ஒன்றுமே நடக்காத மாதிரி நடந்து வருவார். 2003இல் வந்த ‘வின்னர்’ கைப்புள்ள இந்த வகையின் உச்சம். வருத்தப்படாத வாலிபர் சங்கத்தின் தலைவர் அடி வாங்காத நாளே கிடையாது. ஆனாலும் தலைவர் தலைவர்தான்.

எனக்கு ரொம்பப் பிடித்தது 2006இல் வந்த ‘தலைநகரம்’ நாய் சேகர். நிஜ ரவுடிகளைப் போலீஸ் பிடித்துப் போகும்போது, தன்னை மட்டும் விட்டுவிட்டார்களே என்று “நானும் ரவுடிதான்” என்று மன்றாடி ஜீப்பில் ஏறிக்கொள்கிறார். ஏறி உட்கார்ந்த பிறகு அந்த முகத்தில் வரும் பெருமிதத்தைக் கவனியுங்கள், கலெக்டர் வேலை கிடைத்தவன் மாதிரி இருக்கும். ஒரு கூட்டத்தில் நம்மையும் சேர்த்துக்கொள்ள மாட்டார்களா என்று ஏங்காதவர் யார்? அதனால்தான் சிரிக்கும்போது கொஞ்சம் சுருக்கென்றும் இருக்கிறது.

சரி, யார் என்று கேட்டால், பேச்சுக்கு விவேக், பார்க்க வடிவேலு. சத்தத்தை அணைத்துவிட்டு இரண்டு பேர் காட்சியையும் பாருங்கள், நான் சொல்வது விளங்கும்.

‘நேசமணிக்காகப் பிரார்த்திப்போம்’ என்று ஒரு வருஷம் உலகமே அலறியதே, அது என்ன?

2001இல் சித்திக் இயக்கிய ‘பிரண்ட்ஸ்’ படத்தில் வடிவேலு பெயின்டிங் கான்ட்ராக்டர் நேசமணி. மலையாள மூலத்தையும் சித்திக்தான் இயக்கினார். அங்கே இந்த வேடம் ஜகதி ஸ்ரீகுமாருக்கு. ஒரு ஜமீன் பங்களாவுக்கு வெள்ளையடிக்க ஆட்களோடு போகிறார் நேசமணி. மேலே வேலை செய்யும் ரமேஷ் கண்ணாவின் கையிலிருந்து சுத்தியல் நழுவி, நேராக நேசமணியின் மண்டையில் விழுகிறது.

பதினெட்டு வருஷம் கழித்து, 2019 மே மாதக் கடைசியில், ஒரு சிவில் இன்ஜினியரிங் முகநூல் பக்கத்தில் சுத்தியல் படத்தைப் போட்டு உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டார்கள். ஒரு தமிழர் பெயரைச் சொன்னதோடு விடவில்லை. ஜமீன் பங்களாவில் கான்ட்ராக்டர் நேசமணியின் தலை இதனால்தான் உடைந்தது, பாவம் என்று முகத்தை வைத்துக்கொண்டு எழுதினார். வெளியூர்க்காரர் யாரோ அவர் இப்போது எப்படி இருக்கிறார் என்று விசாரிக்க, நம் ஆட்கள் விடுவார்களா? உடல்நிலை அறிக்கை, பிரார்த்தனை என்று அந்தப் பெயர் ட்விட்டரில் உலக அளவில் மேலே போனது. டெல்லியில் புது அரசு பதவியேற்கும் அதே நேரத்தில் இந்தக் கூத்து.

இதிலும் எதிரில் நிற்பவர்தான் எனக்கு முக்கியம். அந்த வெளியூர்க்காரர் நிஜமாகக் கவலைப்பட்டார். அவர் செந்தில் முகத்தோடு கேட்டார், மொத்தத் தமிழ்நாடும் நேசமணியைக் கொண்டாடிவிட்டது.

மீம் போட எடுத்தால் வடிவேலு முகம்தான் வருகிறது. ஏன்?

இரண்டு காரணம். ஒன்று, டிராக் காமெடி கதையோடு ஒட்டாமல் எழுதப்பட்டது, அதனால் அறுத்து எடுத்தாலும் உயிரோடு இருக்கிறது. கேபிள் டிவி காலத்தில் அவற்றைத் துண்டு துண்டாக ஓட்டினார்கள். முழுப் படத்தையும் பார்க்காமலே காமெடியை மட்டும் மனப்பாடம் செய்த ஒரு தலைமுறை உருவானது. என் தங்கைக்குப் பல படங்களின் ஹீரோ யார் என்றே தெரியாது. இரண்டாவது, வடிவேலு மனசில் ஓடுவதை முகத்தில் எழுதி ஒட்டிவிடுவார். பயத்தை மறைக்கும் தைரியம், பொறாமையை மறைக்கும் சிரிப்பு, அவமானத்தை மறைக்கும் சோம்பல் என்று கலவையாக இருக்கும். மாசக் கடைசியில் நம் முகமும் அப்படித்தானே இருக்கிறது.

நடுவில் வடிவேலு ஏன் காணாமல் போனார்?

2011 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க.வுக்காகப் பிரசாரம் செய்தார், அ.தி.மு.க. ஜெயித்தது. அதன்பிறகு வாய்ப்புகள் சுருங்கின. ‘தெனாலிராமன்’ (2014), ‘எலி’ (2015) வந்தன, நிற்கவில்லை. அப்புறம் ‘இம்சை அரசன்’ இரண்டாம் பாகத்தின் தகராறு 2021 வரை இழுத்தது. 2022 டிசம்பரில் ‘நாய் சேகர் ரிட்டர்ன்ஸ்’ என்று வந்தார். வெறும் ‘நாய் சேகர்’ என்ற தலைப்பில் அதே வருஷ ஆரம்பத்திலேயே சதீஷ் நடித்த படம் வந்துவிட்டது. தன் வேடத்தின் பெயரே தனக்குக் கிடைக்காமல் போனது அவருக்கு மட்டும்தான் நடக்கும்.

பெண்கள் எங்கே?

கேட்க வேண்டிய கேள்வி. ஆச்சி மனோரமா ஆயிரம் படங்களுக்கு மேல் நடித்து கின்னஸில் ஏறியவர். 1986இல் வந்த ‘சம்சாரம் அது மின்சாரம்’ படத்தில் வேலைக்காரி கண்ணம்மாவாக வந்து, வீட்டையே பிரிக்கிற சண்டைக்கு நடுவில் காரியத்தை முடித்துக்கொடுத்தது அவர்தான். அப்புறம் கோவை சரளா. ‘சதிலீலாவதி’யில் கோவைத் தமிழ் பேசிக்கொண்டு கமலுக்கு எதிரில் நின்ற தெம்பு இருக்கிறதே, அதில் ஒரு இடத்தில்கூட அவர் வெறும் ‘ஹீரோவின் ஜோடி’ இல்லை. ஊர்வசியை எல்லாரும் கதாநாயகி என்றே சொல்வார்கள். ‘மைக்கேல் மதன காமராஜன்’, ‘மகளிர் மட்டும்’ (1994) இரண்டையும் பார்த்தால் அவரைவிடப் பெரிய காமெடியன் அந்தப் படங்களில் யார் என்று தேட வேண்டியிருக்கும். தேவதர்ஷினிக்குக் கிடைத்த இடம் அவர் திறமைக்குப் பாதிகூட இல்லை.

எண்ணிக்கை குறைவு என்பதற்குக் காரணம் திறமை இல்லை. டிராக் எழுதியவர்கள் பெண்ணை அடிக்கிற பெண்டாட்டியாகவோ, வழிகிற ஆளுக்குக் குறியாகவோதான் எழுதினார்கள்.

சந்தானம் இப்போது ஏன் முன்பு மாதிரி இல்லை?

விஜய் டிவி ‘லொள்ளு சபா’வில் படங்களைக் கிண்டலடித்துப் பழகியவர், 2004இல் ‘மன்மதன்’ வழியாக சினிமாவுக்கு வந்தார். அவருடைய பலம் ஹீரோவின் நண்பனாக இருப்பது. ‘பாஸ் என்கிற பாஸ்கரன்’ (2010) படத்தில் சலூன் வைத்துப் பிழைக்கும் நல்லதம்பி, ஆர்யாவை நம்பி நாசமாகப் போகிறார். ‘ஒரு கல் ஒரு கண்ணாடி’யிலும் (2012) அதே கதை. ஹீரோவின் காதலைப் பார்த்து நமக்கு மனசுக்குள் தோன்றுகிற கிண்டலை எல்லாம் நம் சார்பாகத் திரையிலேயே சொன்ன ஆள் அவர்.

2014க்கு அப்புறம் அவரே ஹீரோ ஆனார். இப்போது அவரை யார் கிண்டலடிப்பது? எதிரில் நிற்கும் ஆள் காணாமல் போனான். ‘தில்லுக்கு துட்டு’ (2016), ‘ஏ1’ (2019), ‘டிடி ரிட்டர்ன்ஸ்’ (2023) எடுபட்டதற்குக் காரணம், மாறன், மொட்டை ராஜேந்திரன் மாதிரி ஒரு கும்பலைச் சுற்றிலும் நிறுத்திவிட்டு அவர் கொஞ்சம் ஒதுங்கிக்கொண்டதுதான்.

சூரி, யோகி பாபு எல்லாம் சீரியஸாக நடிக்கப் போய்விட்டார்களே, காமெடி குறைந்த வேலையா?

குறைந்த வேலை என்று அவர்கள் நினைக்கவில்லை, நாம்தான் நினைக்கிறோம். 2009இல் ‘வெண்ணிலா கபடி குழு’ பரோட்டாக் காட்சியில் கடைக்காரர் எண்ணிக்கையில் தகராறு செய்ய, எண்ணப் போட்ட கோடுகளை அழித்துவிட்டு முதலிலிருந்து சாப்பிடுகிறேன் என்று சூரி சாதாரணமாகச் சொல்கிறார். கடைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. 2023இல் வெற்றிமாறனின் ‘விடுதலை’யில் கான்ஸ்டபிள் குமரேசனாக வந்தபோதும் சூரியிடம் இருந்தது அதே பிடிவாதமும் அதே அப்பாவித்தனமும்தான். பரோட்டாவுக்குப் பதில் மனசாட்சி, அவ்வளவுதான் வித்தியாசம்.

யோகி பாபுவுக்கு ‘மண்டேலா’ (2021). ஊரில் இரண்டு ஜாதிக்கும் சமமாக ஓட்டு. ஜெயிப்பவரை முடிவு செய்யும் ஒற்றை ஓட்டு, யாருமே மதிக்காத முடிதிருத்துபவரிடம். வழக்கமாக எதிரில் இருப்பவரைப் பார்த்துச் சுருக்கென்று ஒரு வார்த்தை விடும் யோகி பாபு, இந்தப் படத்தில் பாதி நேரம் பார்த்துக்கொண்டே இருக்கிறார். வடிவேலுவின் ‘மாமன்னன்’ (2023) இன்னொன்று. ஆனால் இதெல்லாம் திடீர் மாற்றம் இல்லை. 1992இல் ‘தேவர் மகன்’ இசக்கி, வெட்டுப்பட்ட கையோடு ஆஸ்பத்திரியில் கிடந்து அதையே ஜோக்காக்குவதைப் பார்த்தவர்களுக்கு அப்போதே தெரியும்.

இப்போது வரும் படங்களில் காமெடி டிராக்கே இல்லையே?

இல்லைதான். காமெடி கதைக்குள் போய்விட்டது. ‘நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்’ (2012), ‘சூது கவ்வும்’ (2013), ‘டாக்டர்’ (2021) ஆகியவற்றில் காமெடியை மட்டும் தனியாக அறுத்து எடுக்க முடியாது. படத்துக்கு நல்லது, தனித்தனி காமெடியனுக்குக் கஷ்டம். ரெடின் கிங்ஸ்லி மாதிரி ஒருவர் குரல் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டு நிமிஷம் வந்து போக வேண்டியிருக்கிறது.

டிவி, ஸ்டாண்ட்-அப்?

சிவகார்த்திகேயன், ரோபோ சங்கர், மதுரை முத்து என்று ஒரு படையையே அனுப்பியது ‘கலக்கப்போவது யாரு’. யூடியூபில் கோபி–சுதாகர் ‘பரிதாபங்கள்’ எனக்குப் பிடிக்கும்; இரண்டே பேர் எல்லா வேடத்தையும் மாறி மாறிப் போட்டுக்கொள்வது பழைய தெருக்கூத்துச் சிக்கனம். ஸ்டாண்ட்-அப்பில் அலெக்ஸாண்டர் பாபு பாடிக்கொண்டே சிரிக்க வைப்பதைப் பாருங்கள். மேடையில் ஒற்றை ஆள் என்றால் எதிரில் நிற்பவர் யார் என்று என்னை மடக்கப் பார்ப்பீர்கள். டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருக்கும் நாம்தான்.

பெயர் தெரியாத அந்தச் சின்ன நடிகர்களில் யாரைச் சொல்வீர்கள்?

போண்டா மணி, அல்வா வாசு, வெங்கல் ராவ், முத்துக்காளை, கிருஷ்ணமூர்த்தி. வடிவேலுவின் பெரிய காட்சிகளில் பாதி இவர்கள் இல்லாமல் நடந்திருக்காது. ‘தவசி’யில் கிருஷ்ணமூர்த்தி வந்து ஒசாமா பின்லேடன் அட்ரஸ் கேட்கிறார், பக்கத்துத் தெரு ரேஷன் கடையை விசாரிக்கிற மாதிரி. அந்தத் தொனி கொஞ்சம் பிசகியிருந்தாலும் வடிவேலுவின் மிரட்சிக்கு வேலையே இருந்திருக்காது. மயில்சாமி, மனோபாலா இருவரும் 2023இல் அடுத்தடுத்துப் போனார்கள். அவர்கள் எந்தப் படத்தில் வந்தாலும் நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவேன்.

தமிழ் சரியாகத் தெரியாத பிள்ளைகளுக்கு எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

கிரேசி மோகனிலிருந்து ஆரம்பிக்காதீர்கள், பாதியில் தூங்கிவிடுவார்கள். முதலில் ‘பிரண்ட்ஸ்’, சுத்தியலுக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம். அப்புறம் ‘வின்னர்’. அதற்கப்புறம் ‘இம்சை அரசன் 23ஆம் புலிகேசி’ (2006), ராஜா உடையிலேயே பாதிச் சிரிப்பு வந்துவிடும்.

வெளிநாட்டில் வளர்ந்த என் அக்கா மகன் போன விடுமுறைக்கு வந்திருந்தான். எட்டு வயசு. நான் சொன்ன வரிசையை நானே மீறி அவனுக்கு வாழைப்பழக் காட்சியைப் போட்டேன். பையன் சிரிக்கவே இல்லை. கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கவுண்டமணி கேட்கிற ஒவ்வொரு கேள்விக்கும் தலையாட்டினான். முடிந்ததும் ரிமோட்டைப் பிடுங்கி நிறுத்திவிட்டு, “மாமா, அவர் சரியாத்தானே கேக்கறார்? இன்னொரு பழம் எங்க?” என்றான்.

அடுப்படியிலிருந்து அம்மா, ஊஞ்சலிலிருந்து அப்பா, துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா, எல்லாரும் ஒரே குரலில் “அதுதாண்ணே இது” என்றார்கள்.

அவன் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறான். போனில் பேசும்போதெல்லாம் கேட்கிறான்.